‘மேக எடை’க்கு ஒரு சிபாரிசு

2003 ஜூன் 23, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கிணற்றடி வரைக்கும் தண்ணீர். பால்காரர் வரவில்லை.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் ஒருமுறை எழுந்து கேட்டாள்: “டீச்சர், மேகத்தை நிறுத்தா எவ்வளவு இருக்கும்?” வகுப்பு சிரித்தது. நல்ல கேள்வி. மறுநாள் ஒரு துண்டும் தராசும் கொண்டுபோனேன். நனைத்து நிறுத்தோம், காயவைத்து நிறுத்தோம். குறைந்த கனம் எங்கே போயிற்று என்று கேட்டேன். “ஜன்னல் வழியா வெளியே போச்சு டீச்சர்” என்றாள் அதே பெண். அதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது.

இன்று அது ஞாபகம் வரக் காரணம் தம்பானூர். அங்கே ஸ்டேஷனுக்கு மதுரை டிக்கெட்டை ரத்து செய்யப் போனேன். திரும்பும்போது மழை வலுத்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பத்திரிகைக் கடையில் ஒதுங்கினேன். ரயில் அட்டவணை, பஞ்சாங்கம், பரீட்சை கைடுகள். எல்லாவற்றுக்கும் அடியில் சாம்பல் நிற அட்டை ஒன்று. நடுவில் தராசு. தட்டில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தட்டு தாழ்ந்திருக்கிறது. தலைப்பு ‘மேக எடை’. உள்ளே முழுக்கப் படம், தமிழில். படக்கதை என்றால் பத்து நிமிஷத்தில் முடியும் மெல்லிய புத்தகம் இல்லை. ஒரு நாவல் கனம்.

கடைக்காரர்: “அது ஆரும் எடுக்கில்ல டீச்சரே. வரைஞ்ச கொச்சு தானே கொண்டு வச்சிட்டுப் போயதா. மழைக்குத் தலையில பிடிக்காம வாயிச்சா மதி.”

வரைந்த பெண்ணே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாளாம், வாசித்தால் போதுமாம். தலையில் பிடிக்கவில்லை. புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். நான் நனைந்தேன், அது நனையவில்லை.

வீட்டில் இவர் பார்த்துவிட்டு, “எந்தாடி இது, பொம்மைப் புஸ்தகம்? பேரன் வரது டிசம்பர்லன்னா?”

“எனக்காக்கும்.”

“ஓ.” நான் வாசித்துக்கொண்டே ரசம் வைத்ததை மறந்து, அது வற்றி அடிப்பிடித்த பிறகுதான் அதில் என்ன கதை என்று கேட்டார்.

நாளை: கேஸ், இவர் மாத்திரை, குடைக் கம்பி.

ஜூன் 24, செவ்வாய்

மழை விட்டு விட்டு. பால் வந்தது.

இரண்டாம் முறையாக வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை சொல்வதற்காக இங்கே குறித்து வைக்கிறேன். ஆனி மாதம் எங்கள் வாசகசாலையில் வருஷப் புத்தகம் தேர்ந்தெடுப்பது வழக்கம். யார் சிபாரிசு செய்கிறாரோ அவர் கால் மணி நேரம் சத்தமாக வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள் (சிலர் நிஜமாகவே மூடிவிடுவார்கள்). பிறகு கை தூக்கல். தேறிய புத்தகத்தை ஒவ்வொரு அங்கத்தினரும் வீட்டுக்கு ஒன்று வாங்குவார்கள். நாகர்கோவில் வரைக்கும் உள்ள தமிழ் வாசகசாலைகளுக்கும் ஒவ்வொன்று போகும். ஒருவரும் எடுக்காத புத்தகத்துக்கு அது பெரிய காரியம்.

கதை: இன்னும் நூறு வருஷம் கழித்து, போனக்காடு எஸ்டேட். மலையில் தேயிலை வளர்வதில்லை. சூடு. பழைய தேயிலைச் சரிவுகளில் இப்போது வலை. உயர உயரமாகக் கட்டிய வலைகளில் மூடுபனி மோதித் துளித்துளியாக இறங்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியாகக் கல்லாறு தாண்டி நகரத்துக்கு. சாயங்காலம் ஆளுக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று கொட்டகையில் நிறுப்பார்கள். நிறுப்பவள் ராசாத்தி. ஒரு நாள் ஒரு மேகம் வருகிறது. வலையில் சிக்குகிறது. நிறுத்தால் தராசுத் தட்டு மேலே போகிறது. எடை இல்லாமல் இல்லை, இல்லாததற்கும் கீழே. அன்றிலிருந்து அவளுக்கு உறக்கம் இல்லை. அந்த மேகத்துக்குள்ளே போகிறாள்.

இதில் எனக்குப் பிடித்தது கதை மட்டும் இல்லை. கட்டங்கள். மற்றப் படக்கதைகளில் கட்டம் என்றால் சும்மா கோடு. இதில் கோடுகளே வலைக் கயிறு. ஒவ்வொரு படமும் வலையின் ஒரு கண்ணுக்குள் இருக்கிறது. முதல் பக்கங்களில் நெருக்க நெருக்கமாக, மூச்சு முட்டும்படி. போகப் போகக் கயிறு தளர்ந்து கண் பெரிதாகிறது. கடைசிப் பகுதியில் கட்டம் போடும் கயிறே இல்லை. பேச்சும் இல்லை. வெள்ளையில் ஒரு நிழல், அவ்வளவுதான். பக்க எண்களைக்கூடப் பனி விழுங்கிவிட்டது: ஒன்று பாதி தெரிகிறது, அடுத்ததில் அதுவும் இல்லை. இதை வரைந்தவர் சாமான்யப்பட்டவர் இல்லை.

மை: கறுப்பு இல்லை, தேயிலைச் சாயம் போலப் பழுப்பு.

குறை: பறக்கும் வண்டி வரையத் தெரியவில்லை. ஆட்டோ ரிக்‌ஷாவுக்கு மூடி போட்ட மாதிரி இருக்கிறது. ஒருவேளை நூறு வருஷம் கழித்தும் அப்படித்தான் இருக்குமோ.

தட்டு மேலே போவதை யோசித்தேன். தண்ணீருக்குள் இருக்கிற வரைக்கும் வாளி லேசு. மேலே வந்ததும் கை வலிக்கிறது. அது மாதிரியா? முழுக்கச் சரியில்லை. ஆனால் வகுப்பாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் மிதப்பு நடத்தியிருப்பேன்.

கடைசிப் படம்: பனி விலகிவிட்டது. வெகு தூரத்தில் ஒரு கோடு. கடல். பக்கத்தைப் புரட்டினால் ‘முதல் பாகம் முற்றும்.’ இரண்டாம் பாகம் எங்கே?

ஜூன் 26, வியாழன்

வெயில்! எல்லாத் துணியும் மொட்டைமாடியில்.

புத்தகத்தின் பின்னட்டையில் அச்சகத்தின் விலாசம். தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு சந்து. போய்விட்டேன். இவர், “மருந்து வாங்கப் போறேன்னு சொன்னே?” மருந்தும் வாங்கினேன்.

அச்சகத்தில் எல்லாம் கல்யாணப் பத்திரிகை. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண், முப்பத்தைந்து இருக்கும், திரையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் குத்துவிளக்கை நகர்த்திக்கொண்டிருந்தாள். புத்தகத்தை நீட்டி, வரைந்தவரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

“நான்தான். என்ன டீச்சர், பக்கம் மாறிப் போச்சா? வேற தரேன், கேட்டோ.”

டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். “நீங்க நிக்கிறது கண்டாலே தெரியுமே!” பக்கம் எதுவும் மாறவில்லை, பிடித்திருந்தது, சொல்லத்தான் வந்தேன் என்றேன். மௌஸை விட்டுவிட்டாள். பிள்ளையார் சாய்ந்தபடியே நின்றார்.

பெயர் ஜெயராணி. மலையில் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து கிள்ளுகிறவர். மை, பத்திரிகை அடித்து மிஞ்சியது. எல்லாவற்றையும் கலந்தால் அந்தப் பழுப்புதான் வருமாம். தட்டு ஏன் மேலே போகிறது, மிதப்பா என்று கேட்டேன்.

“மிதப்பா? அதெல்லாம் எனக்கு அறியாது டீச்சர். மழை நாள்ல கொழுந்து நிறுக்கும்போ ஈரத்துக்குன்னு கொஞ்சம் கழிப்பாங்க. எல்லா எஸ்டேட்டிலும் உள்ளதாக்கும். சின்னதில நான் அம்மா பக்கத்தில நின்னு நினைப்பேன், ரொம்ப மழை பெஞ்சு ரொம்பக் கழிச்சா கூடை பறக்குமோன்னு.”

இதைவிட நல்ல விஞ்ஞானக் கதை எனக்குத் தெரிந்து யாருக்கும் தோன்றியதில்லை. சொன்னேன். சிரித்தாள்.

இரண்டாம் பாகம் எப்போது என்றேன்.

“இல்ல டீச்சர். அவ போயாச்சு, கடலைக் கண்டாச்சு. அதுக்கப்புறம் என்ன செய்வான்னு எனக்குத் தோணல. வரைஞ்சு வரைஞ்சு கிழிச்சேன். இப்போ நிறுத்தியாச்சு.” பிறகு, சர்வசாதாரணமாக: “இதுவும் போகுது. சிங்ஙம் பிறந்தா கல்யாண சீசன் அல்லே? கோடௌன்ல பத்திரிகைக் கட்டு வைக்க இடம் வேணும். முதலாளி நல்ல ஆள், இவ்வளவு நாள் வச்சுக்கிட்டார். ஆக்ரிக்காரர்கிட்ட சொல்லியாச்சு.”

சிங்ஙம் என்றால் ஆவணி, ஆக்ரிக்காரர் என்றால் பழைய பேப்பர் எடுப்பவர். விற்காத பிரதிகள் எல்லாம் அரைத்துக் கூழாகப் போகின்றன. அவள் மறுபடி பிள்ளையாரை நேராக்கத் தொடங்கினாள்.

வருஷப் புத்தகம் பற்றிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நீயும் வா என்றேன்.

“நான் வரல. ஜெயிச்சா சொல்லுங்க. தோத்தா சொல்லவேண்டாம்.”

ஜூன் 29, ஞாயிறு

தோற்கவில்லை. ஜெயிக்கவும் இல்லை. எழுதவே கூச்சம்.

வழக்கமான கூட்டம். செயலர் சுந்தரம் சார் மேஜையில். மாதம்தோறும் முதலில் வருகிற எபனேசர் சார் (பாறசாலைக்காரர், போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்) முன் நாற்காலியில். கோமதி மாமி கறுப்புக் கண்ணாடியோடு. மாமிக்குக் கண்ணில் இன்னொரு ஆபரேஷன் பாக்கி. நான் புத்தகத்தை எடுத்ததும் சுந்தரம் சார்:

“காமிக்ஸா?”

“சித்திர நாவல்.”

“செரி. வாசியுங்கோ.”

வாசித்தேன். பேச்சு இருக்கிற பக்கங்கள் ஒரு மாதிரி ஓடின. பிறகு, எனக்கு மிகவும் பிடித்த கடைசிப் பகுதிதான் வேண்டும் என்று அங்கே தாவினேன். புத்தி! “இங்கே ஒரு பெண் நிற்கிறாள். அடுத்த படத்தில் அதே பெண் கொஞ்சம் தள்ளி நிற்கிறாள். அடுத்ததில்... வெள்ளை.”

“அடுத்ததில?” சுந்தரம் சார்.

“அதுவும் வெள்ளைதான். ஆனால் கொஞ்சம் வேறு வெள்ளை.”

எபனேசர் சார் இருமினார். அது இருமல் இல்லை, சிரிப்பு. பின்னால் ஒருத்தர், “டீச்சர், பால் பாயசம் வாசிக்கற மாதிரி இருக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய. கோமதி மாமி குறட்டை.

கை தூக்கலுக்கு முன் எழுந்து, இன்னொரு ஞாயிறு வேண்டும் என்று கேட்டேன். சுந்தரம் சார் நல்ல மனிதர். யோசித்தார்.

“தரேன். அடுத்த ஞாயிறு கால் மணி. ஆனா வாசிக்கணும், கேட்டேளா? புஸ்தகத்தைத் தூக்கிக் காட்டறது கணக்கில்லை. ரூல்னா ரூலாக்கும்.”

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவர், “கொஞ்சம் வேற வெள்ளை!” என்று தோள் குலுங்கச் சிரித்தார். நெடுநேரம்.

ஜூலை 1, செவ்வாய்

மறுபடி மழை. மூன்று நாளாக இவர் வேஷ்டி காயவில்லை. ஹாலில் குறுக்கே கயிறு, கிளிப்பு, துணி. குனிந்து குனிந்து நடக்கிறோம்.

காலையில் காபியோடு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன், எது காய்ந்தது எது காயவில்லை என்று. வேஷ்டி, துண்டு, ரவிக்கை, துண்டு. கயிற்றின் முடிவில் வந்து நின்றேன். காபியை வைத்துவிட்டேன்.

புத்தகத்தைக் கையில் பிடித்து வாசிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பக்கங்களைப் பிரித்துக் கயிற்றில் மாட்டப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். “புஸ்தகத்தைக் கீறப் போறியா? நீயா?” பள்ளிக்கூடத்தில் பக்க முனையை மடித்தவர்களைக்கூட விட்டதில்லை நான்.

இரண்டு பக்கமும் அச்சு, அதனால் ஒரு பிரதி போதாது. தம்பானூர் கடையில் இன்னொன்று வாங்கினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ரெண்டோ? டீச்சர்க்கு சுகமில்லையோ?”

ஆனால் வாசிக்க வேண்டும் என்ற ரூலுக்கு இன்னும் வழி தெரியவில்லை.

ஜூலை 5, சனி

பிளேடால் கட்டு பிரித்தேன்.

சாயங்காலம் வாசகசாலைச் சாவி வாங்கி நானும் இவரும். சுவரில் மாட்டலாம் என்று போனால் சுவர் முழுக்க ஈரம், சுண்ணாம்பு கையோடு வருகிறது. மழைக்காலத்தில் அலமாரிகளையே சுவரிலிருந்து விலக்கி, ஹால் நடுவில் முதுகோடு முதுகு சேர்த்து வைத்திருக்கிறார்கள். சரி, அதைச் சுற்றியே கயிறு. உச்சியில் சரஸ்வதி படம். மாலை பக்கங்களில் படாமல் ஒதுக்கினோம். கடைசிப் பகுதி மட்டும், பேச்சில்லாத பக்கங்கள். கரும்பலகையில் எழுதுகிற மாதிரி இடமிருந்து வலமாக மாட்டிக்கொண்டே போனேன். தராசுத் தட்டு மேலே போகும் படம் வாசலுக்கு நேரே தொடங்கி, சுற்றி வந்து, கடலும் அதே மூலையில் முடிந்தது. கச்சிதம்.

இவர் எட்ட நின்று பார்த்து, “ஜோரா இருக்கு. வேஷ்டியைவிட நன்னா காயும்.”

ரூலுக்கு வழி: மேஜையருகே நின்று நானே ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பது. வேறு யோசனை இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

எங்கே தொடங்க.

மழை இல்லை, மூட்டம். எல்லோரும் வந்தார்கள். செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, கயிற்றையும் பக்கங்களையும் பார்த்து நின்றார்கள். “இதென்ன, ஈரத்துணியா?” “சுற்றி வந்து பாருங்கள்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சுந்தரம் சார் முதலில். நேரே இடது பக்கம் திரும்பினார். பின்னால் கோமதி மாமியைக் கைபிடித்துக்கொண்டு இவர். அவர்கள் பின்னால் வரிசையாக மற்றவர்கள். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு நிமிர்ந்து பார்த்தேன். உச்சியில் சரஸ்வதி! படத்தை வலப்பக்கம் வைத்துத்தானே சுற்றுவார்கள். பிறந்ததிலிருந்து அப்படித்தான் சுற்றியிருக்கிறார்கள், நானும்தான். நான் மாட்டியது நேர் எதிர்த்திசை. எல்லோரும் கடலிலிருந்து தொடங்கிக் கதையைத் தலைகீழாக வாசித்துக்கொண்டு போகிறார்கள். பக்க எண்ணும் இல்லை, பேச்சும் இல்லை, ஒருவருக்கும் தெரியவில்லை.

வாயைத் திறந்தேன். அதற்குள் சுந்தரம் சார் ஒரு பக்கத்தின் முன்னால் நின்று, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, மூக்கு படும்படி குனிந்திருந்தார். அவர் புத்தகத்தை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

எபனேசர் சார் மட்டும் வலது பக்கம் போனார். அவருடைய நியூஸ்பேப்பர் மேஜை அந்தப் பக்கம்.

பாதிச் சுற்றில் கோமதி மாமி கால் வலி என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். “எனக்கு எல்லாம் ஒரே பொகையா இருக்கே. என்னவாக்கும் கதை? யாராவது சொல்லுங்கோளேன்.”

சுந்தரம் சார் அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து: “சொல்றேன் மாமி. ஒரு பொண்ணு, கடலைப் பார்த்துண்டு நிக்கறா. வெறுங்கை. அப்புறம் திரும்பி மலை ஏறறா. பனி வந்து மூடறது.”

“ஏறுகாளா?” மறுபக்கத்திலிருந்து எபனேசர் சார். “இறங்கல்லா செய்யா! ஓய், கொட்டகையை விட்டு இறங்கி வாறா அவ.”

“கண்ணாடியைத் தொடைச்சுக்கோங்கோ.”

“தபால் முத்திரை பாத்த கண்ணாடியாக்கும் இது. உம்ம கண்ணாடியைத் தொடையும்.”

“எபனேசர், நான் வரிசையா வரேன். முதல்ல சின்னதா இருந்தா, இப்போ பெரிசாயிருக்கா. கிட்ட வரா.”

“எனக்கும் வரிசைதான். பெருசா இருந்தவ சிறுசாயிட்டே போறா.”

“நிறுத்துங்கோடா,” என்றார் மாமி. “ரெண்டு பேரும் வாசிச்சுண்டே இங்க வாங்கோ. நான் கேக்கறேன்.”

இரண்டு பேரும் வாசித்துக்கொண்டே வந்தார்கள். ஆமாம், வாசித்துக்கொண்டு! பேச்சில்லாத பக்கங்களுக்குச் சத்தமாகப் பேச்சு. எபனேசர் சாரின் ராசாத்தி பயந்து பயந்து இறங்கினாள். தராசு பொய் சொல்லிவிட்டதே என்ற கோபம் அவளுக்கு. சுந்தரம் சாரின் ராசாத்தி (அவருக்குப் பெயர் ஞாபகம் இல்லை, ‘அந்தப் பொண்ணு’) பிடிவாதக்காரி. கடலெல்லாம் பார்த்தாச்சு, நம்ம வேலை மலையிலே என்று ஏறினாள். மற்றவர்கள் ஆளுக்கொரு கட்சி. இரண்டு வரிசையும் ஒரு பக்கத்தில் முட்டிக்கொண்டன.

அந்தப் பக்கத்தில் வெள்ளைக்கு நடுவே ஒரு கை மட்டும். விரல் பாதி விரிந்து, கீழே ஒரு கயிறு.

“பார், வலைக் கயிற்றை விட்டாச்சு,” எபனேசர் சார்.

“விட்டாளா? பிடிக்கப் போறா!”

“விட்டா!”

“பிடிக்கறா!”

அப்போதுதான் வாசலில் ஜெயராணியைப் பார்த்தேன். வெளியே மழை பிடித்திருக்க வேண்டும், குடையிலிருந்து சொட்டச் சொட்ட. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கிட்டே போனேன்.

“தம்பானூர்க் கடைக்காரர் சொன்னார், டீச்சர் ரெண்டாவது ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்கன்னு. ஒருத்தரே ரெண்டு வாங்கினது இதுவரை இல்ல. என்னத்துக்குன்னு கேக்க வந்தேன்.” கயிற்றைப் பார்த்தாள். “கீறித் துணி மாதிரி காயப் போட்டிருக்கீங்களே டீச்சரே!”

அவளுக்குக் கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், தலைகீழாகப் போனதையும் சேர்த்து. அவள் கேட்கவில்லை. அந்த இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் பேச்சைக் கேட்டு இவர் போட்டுக்கொடுத்துவிட்டார். “வரைஞ்சவாளே வந்தாச்சு. கேளுங்கோ.”

சுந்தரம் சார்: “நீயே சொல்லும்மா. அவ போறாளா, வராளா?”

“போறான்னுதான் சார் வரைஞ்சது.”

எபனேசர் சார் கைதட்டினார். சுந்தரம் சார் முகம் விழுந்துவிட்டது, பரிசு போன சின்னப் பிள்ளை மாதிரி. “அப்போ நான் பார்த்தது?”

ஜெயராணி குடையை மூலையில் சாய்த்தாள். கடல் படத்துக்குப் போனாள். அங்கிருந்து இடது பக்கமாக, சரஸ்வதியை வலப்பக்கம் வைத்து, மெதுவாகச் சுற்றினாள். ஒவ்வொரு பக்கத்திலும் நின்றாள். அந்தக் கைப் படத்தின் முன்னால் மட்டும் தன் கையை அதே மாதிரி விரித்து, மூடிப் பார்த்தாள். தராசு வரைக்கும் வந்து முடித்தாள். மேலே போன தட்டு. அதற்கு முன் நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

“தட்டைப் பிடிச்சுத் தாழ்த்தத்தான் அவ திரும்பி வாறா,” என்றாள். எங்களிடம் இல்லை.

பிறகு சுந்தரம் சாரிடம்: “நீங்க பார்த்ததும் உண்டு சார். எனக்குத்தான் தெரியாமப் போச்சு. இது ரெண்டாம் பாகமாக்கும்.”

சுந்தரம் சார் கண்ணாடியைத் துடைத்தார். மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். செயலர் குரல் வந்துவிட்டது. “அதெல்லாம் செரி. ஆனா டீச்சர் இன்னும் வாசிக்கலை. ரூல்...”

“என்ன ரூல்?” கோமதி மாமி ஸ்டூலிலிருந்து. “நீயும் அந்த போஸ்ட் மாஸ்டரும் இவ்வளவு நாழி தொண்டை கிழிய வாசிச்சேளே, அது என்னவாம்? கண்ணு தெரியாத நானே கேட்டாச்சு. கையைத் தூக்குங்கோ எல்லாரும்.” தன் கையை முதலில் தூக்கினார்.

தேறிவிட்டது. பின் வரிசையில் இரண்டு பேர் தூக்கவில்லை. கையில் காபி டம்ளர் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். சுந்தரம் சார் தூக்கிவிட்டு, “அடுத்த பாகத்திலயாவது பக்க எண் போடச் சொல்லுங்கோ” என்றார்.

ஜெயராணி போகும்போது, நாளை காலை முதல் வேலை ஆக்ரிக்காரரிடம் வர வேண்டாம் என்று சொல்வது என்றாள். “கட்டு தூக்க ஆட்டோ வேணும் டீச்சர்.” மூடி போட்டதா, போடாததா என்று கேட்டேன். கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது அவளுக்கு. “அய்யோ, அந்த வண்டி அவ்வளவு மோசமா?”

இவருக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. சாப்பிடும்போது திடீரென்று, “ஆனா அவ வரதுதான் செரி,” என்றார். இவர் சுந்தரம் சார் கட்சி. நான் எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன்.

ஜூலை 7, திங்கள்

வெயிலும் மழையும். வேஷ்டி காய்ந்தது.

சுந்தரம் சார் காலையிலேயே போன். நாகர்கோவில் வரைக்கும் போகிற புத்தகம், அவர்களுக்கு எப்படி வாசிப்பது என்று தெரிய வேண்டாமா, முதல் பக்கத்தில் ஒட்ட ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தர வேண்டுமாம். “சின்னதா போறும் டீச்சர். உங்க உதாரணமெல்லாம் வேண்டாம்.”

முதலில் எழுதியது ஒரு முழுப் பக்கம். ஈரத் துண்டு, கிணற்று வாளி, கட்டம் என்பது வலைக் கண், மையின் நிறம். எல்லாவற்றையும் அடித்தேன். வாளியை அடிக்க மனமே இல்லை. பிறகு ‘இது குழந்தைகளுக்கு மட்டுமான புத்தகம் அல்ல’ என்று எழுதினேன். கோமதி மாமி கேட்டால் சிரிப்பார். அதையும் அடித்தேன்.

மிஞ்சியது இது:

கடைசிப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூட வேண்டாம். கடலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் புரட்டிக்கொண்டு தராசு வரைக்கும் வாருங்கள்.